வீல்சேர்ல காடு, குளம், கோட்டை பாக்கப் போறவங்க கேக்கிற கேள்விகள் – குமரி மாவட்டம்

நமக்கு தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஊரு. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி தென்னையில இருந்து விழுந்து முதுகெலும்பு போச்சு, அதுல இருந்து வீல்சேர்தான். வீட்டுக்குள்ளயே கெடக்க முடியாம அங்கங்க போய்ப் பாக்க ஆரம்பிச்சேன், அது எப்படியோ நாலு பேருக்குத் தெரிஞ்சு இப்போ வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி "அண்ணே, அங்க வீல்சேர் போகுமா"ன்னு கேக்காங்க. ஒரே பதில திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்கி, அதான் மொத்தமா எழுதிப் போட்டுட்டேன்.

குமரியில காட்டுக்குள்ள வீல்சேர் போற பாதை இருக்கா?

காட்டுக்குள்ளன்னா கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தச் சொல்றீங்கன்னு வச்சுக்குவோம், 2008-ல அறிவிச்சாங்க, சுமார் 402 சதுர கிலோமீட்டர் வரும். அதுக்குள்ள வீல்சேருக்குன்னே போட்ட பாதைய நான் ஒண்ணுகூட பாத்ததில்ல. ஆனா நம்ம மாவட்டத்துல காடு ஒரு கோடு போட்ட மாதிரி தொடங்காது, ரப்பர் தோட்டம், ஆறு, குளம், வாழத்தோப்புன்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் காடா மாறும். அந்த ஓரத்துல நமக்கு எடம் நெறைய உண்டு. உச்சிக்கு ஏறினாத்தான் போனதா அர்த்தம்னு நெனைக்கிறவங்களுக்கு இந்தப் பக்கம் உதவாது.

நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயிடலாமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

இத கேக்காத ஆளே கெடையாது, அன்போடதான் கேக்காங்க, அதனால கோவப்படவும் முடியாது.

ஒருக்கா சொந்தக்காரங்க எல்லாரும் சேந்து ஒரு அருவிக்குப் போனோம். எறங்கிறதுக்குப் படிதான். மச்சான்மாரு நாலு பேரு வீல்சேர ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க, அதுல ஒருத்தன் பிடிச்சது கைவைக்கிற கட்டைய, அது கழட்டி மாட்டுற கட்டை, பாதிப் படியில அது மட்டும் தனியா அவன் கையோட வந்துடுச்சு. பாசி பிடிச்ச படி வேற. விழல, ஆனா சாரம் (லுங்கி) கட்டியிருந்த பெரிய மச்சான் முட்டி தட்டி தோல் உரிஞ்சுது. கீழ போனதும் எல்லாரும் குளிக்கப் போயாச்சு, நான் ஒரு பாறை ஓரத்துல பிரேக் போட்டு உக்காந்திருக்கேன், முன்னாடி அருவி கொட்டுது, நான் அருவிய பாக்கல, திரும்ப மேல எப்படி ஏத்துவானுங்கன்னு மச்சான் முட்டியத்தான் பாத்துட்டு இருந்தேன்.

தூக்கிட்டுப் போறதுன்னா நீங்க அவங்க நேரத்துக்கு வரணும், அவங்க நேரத்துக்குக் கெளம்பணும், "இன்னும் செத்த நேரம் இருக்கலாமா"ன்னு கேக்க வாய் வராது. எனக்கு வேண்டியது என் கையால சக்கரத்தத் தள்ளி ஒரு மரத்தடி வரைக்கும் போயி, யாரும் பக்கத்துல இல்லாம பத்து நிமிசம் உக்காந்துட்டு வரணும், அவ்வளவுதான். கீழ எழுதியிருக்கது எல்லாமே அந்தக் கணக்குலதான்.

அப்படியும் தூக்கியே ஆகணும்னா, கழட்டி மாட்டுற எதையும் பிடிக்கக் கூடாது, மெயின் பிரேம மட்டும் பிடிக்கணும். தூக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பைப்புன்னு தொட்டுக் காட்டிருங்க.

முதல் தடவ போறோம், எங்க போகலாம்?

உதயகிரிக் கோட்டை. புலியூர்க்குறிச்சியில மெயின் ரோட்டு ஓரத்துலயே இருக்கு, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போறவங்க எல்லாரும் இத தாண்டித்தான் போறாங்க, ஆனா பாதிப்பேரு உள்ள போறதில்ல. அரண்மனை அழகுதான், ஆனா உள்ள குறுகலான மரப்படியும் உயரமான நெலப்படியும், நமக்கு முக்காவாசி பாக்க முடியாது. உதயகிரியில வனத்துறை பல்லுயிர் பூங்கா வச்சிருக்காங்க, பழைய பெரிய மரங்க, மான் கூண்டு, நிழலு. கோட்டைக்கு நடுவுல ஒரு குன்று இருக்கு, அத மறந்துருங்க, அடிவாரம் சமதளம்.

உள்ள இடிஞ்ச சர்ச்சுல டிலனாய் கல்லறை இருக்கு. 1741 குளச்சல் போர்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படைகிட்ட பிடிபட்ட டச்சுக்காரரு, பொறவு அதே ராஜாவுக்கே படை நடத்தி 1777-ல இங்கயே செத்தாரு. கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. மண்ணுப் பாதைதான், மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க, முன்சக்கரம் புதையும். காலையில தெறந்ததும் போனா நீங்களும் அணிலும்தான்.

பறவை பாக்க எங்க?

இதுலதான் நமக்கு மத்தவங்கள விட வசதி, ஏன்னா பறவை பாக்கிறதே ஒரு எடத்துல அசையாம உக்காந்திருக்க வேலை, அதுல நமக்கு எவ்வளவு வருச அனுபவம்!

சுசீந்திரம் – தேரூர் குளங்க. 2022-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட பட்டியல்ல சேத்தாங்க, வேம்பனூர் குளத்தையும் அதே வருசம் சேத்தாங்க. ரோட்டு ஓரத்துல இருந்தே தண்ணி தெரியும், கீழ எறங்கவே வேண்டாம். கார்லயோ மூணு சக்கர ஸ்கூட்டர்லயோ இருந்தபடியே பாக்கலாம், உண்மையில வண்டிக்குள்ள இருக்க ஆளப் பாத்து பறவை அவ்வளவா பயப்படாது, நடந்து வாற ஆளப் பாத்தாத்தான் எந்திச்சு போயிடும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல சீசன். கூழைக்கடா, நாரை, முக்குளிப்பான், தாமரை எல மேல நடக்கிற எலைக்கோழி இதெல்லாம் சாதாரணமா கெடைக்கும். ஒரு விசயம், ரோட்டோரம் நிறுத்தும்போது எண்டிகேட்டர் போட்டு நல்லா ஒதுக்கி நிறுத்துங்க, டிப்பர் லாரிக்காரங்களுக்குப் பறவையும் தெரியாது நாமளும் தெரியாது.

தேரூரு கவிமணி பொறந்த ஊரு. கூட வாற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

மாத்தூர் தொட்டிப்பாலம்?

எல்லாரும் ஆசைப்படுற எடம். 1966-ல கட்டினது, 115 அடி உயரம், பறளியாத்துக்கு மேல தண்ணி தொட்டியில ஓடும். நல்ல விசயம் என்னன்னா பாலத்தோட ஒரு முனைக்கு ரோடு போகுது, அதனால பாலத்து மட்டத்துக்கே வண்டியில போயிடலாம், படி ஏற வேண்டிய வேலை கெடையாது. கீழ ஆத்துக்கு எறங்கிற படி பக்கம் போகாதீங்க, நடக்கிறவங்களே மூச்சு வாங்கித்தான் ஏறுறாங்க.

பாலத்து மேல போகலாமான்னா, நடைபாதை ஒடுக்கம். தொட்டிய மூடியிருக்க காங்கிரீட் பலகை மேலதான் நடக்கணும், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து வரும், எதிர்ல கூட்டம் வந்தா ஒதுங்க முடியாது. ஞாயித்துக்கிழமை வேண்டவே வேண்டாம். நான் வெள்ளென போயி ஒரு முனையில நின்னு பாத்துட்டு வந்துருவேன். முழுசாக் கடக்கணும்னு வீம்பு பிடிச்சா பாதியில திரும்பவும் முடியாது, வீல்சேர ஒரே எடத்துல சுத்தித் திருப்ப அஞ்சடிக்கு அஞ்சடி எடம் வேணும், ரிவர்ஸ்லதான் வரணும்.

திற்பரப்பு?

அருவியடிக்குப் போக படி எறங்கணும், அத முதல்லயே தெரிஞ்சுக்குங்க. கோதையாறு விழுற சுமார் 50 அடி அருவி. மேல பக்கம் தடுப்பணையும் படகு விடுற எடமும் இருக்கு, எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும், தண்ணி அமைதியா நிக்கும், பாறை விரிஞ்சு கெடக்கும். குளிச்சே ஆகணும்னா ஒரு வாளி கொண்டு போங்க. சிரிக்காதீங்க, நான் அதத்தான் செய்வேன், தம்பி ரெண்டு வாளி அருவித் தண்ணி கொண்டாந்து தலையில ஊத்துவான், அருவியும் ஆச்சு.

சிதறால் மலைக்கோவில்?

கீழ இருந்து கல் பாவின பாதை இருக்கு, போட்டோவுல பாத்தா நமக்குன்னே போட்டது மாதிரி தெரியும். ஏமாந்துராதீங்க. விடாம ஏத்தம், போகப்போகப் படி வருது, கடைசியில பாறைக்கு நடுவுல ஒடுங்கின வழி. சமணச் சிற்பங்க எல்லாம் அதத் தாண்டித்தான், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கதான். பலமான ஆளு ரெண்டு பேரு இருந்தா பாதையோட முதல் பாகம் வரைக்கும் தள்ளிக் கொண்டு போலாம், அங்க இருந்தே காத்தும் பச்சையும் நல்லாருக்கும். எறங்கும்போது பின்பக்கமா எறங்கணும், தள்ளுற ஆளு கீழ்ப்பக்கம் நிக்கணும்.

மருந்துவாழ் மலை?

முடியாது.

வட்டக்கோட்டை?

உள்ள புல்தரை, நடுவுல குளம். மதில் மேல ஏற படிக்குப் பதிலா கல்லுச் சரிவு இருக்கு, பீரங்கி ஏத்துறதுக்கு வச்சதுன்னு சொல்லுகாங்க, எதுக்கு வச்சா என்ன, நமக்கு ஆச்சு. ஆனா நல்ல செங்குத்து, தனியா ஏறப் பாக்காதீங்க, பின்னாடி ஒரு ஆளு கட்டாயம். மேல போனா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. இங்க மட்டும் அடுத்தவன் கையத் தேடுறதுக்கு எனக்கு வருத்தமில்ல.

இது எல்லாத்தையும் விட உங்களுக்குப் பிடிச்ச எடம் எது?

எதுன்னு பேரு சொல்ல முடியாத ரப்பர் தோட்டம்தான். குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற வழி, கீரிப்பாறை பக்கம், எங்க பாத்தாலும் ரப்பர். அரசு ரப்பர் கழகத் தோட்டமும் உண்டு, தனியார் எஸ்டேட்டும் உண்டு, சும்மா ரெண்டு ஏக்கர் வச்சிருக்க நம்ம மாமா சித்தப்பாமாரும் உண்டு. தெரிஞ்சவங்க தோட்டம்னா ஒரு வார்த்த கேட்டா போதும், மத்தது எல்லாம் அனுமதி வாங்கித்தான் போகணும்.

ஏன் நல்லதுன்னா பால் எடுத்துட்டுப் போக ஜீப்போ டூவீலரோ போற வழி இருக்கும், அது அழுத்தி அழுத்தி கெட்டியான செம்மண்ணு, ஏத்தம் இருந்தாலும் வளைஞ்சு வளைஞ்சு மெதுவாத்தான் ஏறும். விடியக்காலமே வெட்டுக்காரங்க வெட்டி முடிச்சிருப்பாங்க, நல்லா வெளிச்சம் வந்த பொறவு போனா ஒவ்வொரு மரத்துலயும் சிரட்டையில சொட்டுச் சொட்டா பால் விழும், அந்த நேரத்துல அங்க இருக்க அமைதி வேற எங்கயும் எனக்குக் கெடச்சதில்ல. நிக்கிற ஆளு கண்ணுக்கு மரத்து நடுத்தண்டுதான் நேரா தெரியும், உக்காந்திருக்க நமக்கு சிரட்டையும் வெட்டுப்பட்ட பட்டையும் கண்ணு மட்டத்துக்கே வரும்.

ஒரே எச்சரிக்கை, பனிக்காலத்துல ரப்பர் எல முழுசா உதிரும், தரையெல்லாம் கணுக்கால் அளவுக்குச் சருகு, அதுக்கு அடியில இருக்க குழியும் கல்லும் வேரும் தெரியாது. முன்சக்கரம் குழியில எறங்கினா ஆளு முன்னாடி குப்புறத்தான். ஒரு கம்பு வச்சு தட்டிக்கிட்டே போங்க, பாம்புக்கும் ஆச்சு குழிக்கும் ஆச்சு.

ரேம்ப் இருக்குன்னு சொன்னாங்க, போயி பாத்தா ஏறவே முடியல, ஏன்?

படிக்கு மேல சிமெண்ட பூசிட்டு ரேம்ப்னு சொல்றதுனால. நம்ம நாட்டு விதிப்படி ரேம்ப் 1:12, அதாவது ஒரு அடி உயர பன்னெண்டு அடி நீளம் வேணும். மூணு படி இருக்க எடத்துல, ஒரு படி ஆறு இஞ்சுன்னா மொத்தம் ஒன்றரை அடி, அதுக்கு ரேம்ப் 18 அடி நீளம் போடணும். நம்ம ஆளுங்க நாலடியில முடிச்சிருவாங்க. பைக் ஏத்தலாம், ஆள ஏத்த முடியாது.

நீங்களே அளக்கலாம். கொத்தனார் வச்சிருக்க ரசமட்டமும் மூணடி நீளத்துல ஒரு நேரான பலகையும் போதும். பலகைய சரிவுல மேல்முனை தொட்டபடி வச்சு ரசமட்டம் பாத்து நேராக்குங்க, கீழ்முனைக்கும் தரைக்கும் இருக்க இடைவெளி மூணு இஞ்சுன்னா 1:12. ரெண்டு இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மின்னா 1:20, அதுல கைக்கு வலியே தெரியாம போலாம். அஞ்சு இஞ்சு வந்தா திரும்பி வீட்டுக்குப் போங்க. போன்லயும் மட்டம் பாக்கிற ஆப் உண்டு, அதுல கிட்டத்தட்ட 5 டிகிரி காட்டினா 1:12.

பக்கச் சாய்வையும் பாருங்க, இத யாருமே பேசுறதில்ல. மழைத்தண்ணி ஓட ரோட்ட ஒரு பக்கம் சாச்சிருப்பாங்க, அதுல போனா வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், ஒரு கை மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கணும், அரை கிலோமீட்டர்ல தோள்பட்ட கழண்டுரும்.

காட்டுப் பாதைக்குன்னு தனி அளவு ஏதாவது இருக்கா? கட்டடத்து ரேம்ப் அளவ மலையில எப்படிப் போடுறது?

நல்ல கேள்வி. அமெரிக்க வனத்துறை இதுக்குன்னே தனி வழிமுறை வச்சிருக்காங்க, ரொம்ப யோசிச்சு எழுதினது. பாதை அகலம் குறைஞ்சது 36 இஞ்சு. 1:20 சரிவுன்னா எவ்வளவு தூரம் வேணா போலாம், 1:12 வரைக்கும்னா ஒரே மூச்சுல 200 அடி, 1:10 வரைக்கும்னா 30 அடி, 1:8 கிட்ட போனா வெறும் 10 அடி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சமமா ஒரு எளப்பாறுற எடம். அகலம் கம்மியான பாதையில ஆயிரம் அடிக்கு ஒருக்கா எதிர்ல வாறவங்க ஒதுங்க எடம். தரை சிமெண்டா இருக்கணும்னு கட்டாயமே இல்ல, கெட்டியா நெலையா இருந்தா போதும்.

இதுல எனக்குப் பிடிச்சது, மலைய ஒடச்சு பாதை போடுன்னு அவங்க சொல்லல, மலை விடலன்னா அந்த எடத்துல விதிவிலக்கு எடுத்துக்கோ, மத்த எடத்துல ஒழுங்காப் போடுன்னு சொல்றாங்க. நம்மூர்ல "மலைப்பாங்கான பகுதி, சாத்தியமில்லை"ன்னு ஒரே வரியில முழுப் பாதைக்கும் எழுதி மூடிருவாங்க.

காசும் ரொம்ப ஆகாது. குவாரியில கெடைக்கிற கிரஷர் பொடிய பரப்பி நனைச்சு ரோலர் போட்டா கல்லு மாதிரி பிடிக்கும். உருண்டைக் கூழாங்கல்லு மட்டும் போடவே கூடாது, பாக்க அழகு, சக்கரத்துக்கு எமன். பேவர் பிளாக் முதல் வருசம் நல்லாருக்கும், பொறவு மரத்து வேரு தூக்கிவிட்டு பல்லு முளைச்ச மாதிரி நிக்கும்.

என்ன வண்டி எடுத்துட்டுப் போறது?

ஆஸ்பத்திரி டைப் வீல்சேர்ல இருக்க சின்ன முன்சக்கரம் டைல்ஸ் தரைக்குத்தான். சல்லியில ஒரு கல்லு மாட்டினா நின்னுரும். கையில காசு இருந்தா முன்சக்கரத்த தரையில இருந்து தூக்கி நிறுத்துற மாதிரி ஒரு பெரிய தனிச்சக்கரம் மாட்டிக்கலாம், அது வேற லெவல். இல்லன்னா கூட வாற ஆளு பின்பக்கமா இழுத்துட்டுப் போகணும், பெரிய சக்கரம் முதல்ல ஏறும்.

பேட்டரி வண்டி சமதளத்துக்கு ராஜா, ஆனா அம்பது கிலோவுக்கு மேல போற மாடல்தான் நெறைய, சேத்துல மாட்டினா யாரும் தூக்க முடியாது. அரசாங்கம் குடுக்கிற இணைப்புச் சக்கரம் வச்ச பெட்ரோல் ஸ்கூட்டர் இருந்தா எடம் வரைக்கும் அதுல போயி, வீல்சேர ஆட்டோவுல பின்னாடி வரச் சொல்லலாம். காத்து டயர்னா பம்பும் பேட்ச்சும் பைக்குள்ள இருக்கணும், ரப்பர் வெளையிற ஊர்ல பங்சராகி நிக்கிறது கேவலம்.

பாத்ரூம்?

கதவு அகலம் கேட்டுட்டுப் போங்க. "இருக்கு"ன்னு சொல்லுவாங்க, படி இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. நான் வீட்டுலயே முடிச்சுட்டு, ஒண்ணுக்குப் போற டியூப், பாட்டில் எல்லாம் பையில வச்சுட்டுத்தான் கெளம்புவேன். ஆனா அதுக்காகத் தண்ணி குடிக்காம இருக்காதீங்க, கிட்னி போயிரும்.

வெயில், மழை, அட்டை?

முதுகெலும்பு அடிபட்டவங்களுக்கு அடிபட்ட எடத்துக்குக் கீழ சரியா வேர்க்காது, உடம்பு சூடு சட்டுனு ஏறும், அதனால 10 மணிக்கு மேல வெட்டவெளியில நிக்காதீங்க. பாறையில எறங்கி உக்காந்தா சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பாத்தா கொப்புளம். ஒருக்கா எனக்குத் தொடையில அப்படி வந்து ஆற ரெண்டு மாசம் ஆச்சு, அதுல இருந்து கைய வச்சுப் பாக்காம எங்கயும் உக்கார மாட்டேன். எவ்வளவு அழகான எடமா இருந்தாலும் கால்மணி அரைமணிக்கு ஒருக்கா கையூன்றி எந்திச்சு எடத்த மாத்தணும்.

நமக்கு மழை ரெண்டு தடவ, ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. ரெண்டுலயும் காளிகேசம் மாதிரி ஆத்தோரம் வேண்டாம், மலையில பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே தண்ணி ஏறும், நாம ஓட முடியாது. அட்டை கடிச்சாலும் காலுல தெரியாது, திரும்பினதும் சாக்ஸக் கழட்டி கண்ணால பாருங்க.

யானை?

விடியக்காலமும் அந்தியும் காட்டோரம் நிக்காதீங்க. வனத்துறை போகாதன்னா போகாதீங்க, இந்த விசயத்துல மட்டும் சண்டை போட மாட்டேன்.

சட்டம் என்ன சொல்லுது? யாருக்கு மனு குடுக்கணும்?

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பொழுதுபோக்குக்கும் உரிமை உண்டுன்னு 29-ஆவது பிரிவுல இருக்கு. பழைய பொதுக் கட்டடங்கள மாத்த விதி வந்ததுல இருந்து அஞ்சு வருசம் குடுத்தாங்க, விதி வந்தது 2017 ஜூன், கணக்குப் போட்டுக்குங்க. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்குல, அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லியாச்சு.

மனு திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல குடுங்க, ஒரு காப்பி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. "வசதி செய்து தரவும்"னு பொதுவா எழுதினா "ஆவன செய்யப்படும்"னு பொதுவாவே பதில் வரும். நான் எப்படி எழுதுவேன்னா, வாசல்ல படி எத்தன, உயரம் எவ்வளவு இஞ்சு, ரேம்ப் எவ்வளவு நீளம் வேணும், போட்டோ. ரெண்டு மாசம் பதில் வரலன்னா பத்து ரூபா கட்டி ஆர்.டி.ஐ.

பீச்சுக்கு ஏதாவது வழி உண்டா?

மணல்ல வீல்சேர் போகாது. சென்னை மெரினாவுல 2022 நவம்பர்ல 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அடி வாங்கி பொறவு சரி பண்ணினாங்க. சொத்தவிளையிலயோ சங்குத்துறையிலயோ அப்படி ஒண்ணு வந்தா முதல் ஆளா நிப்பேன். அதுவரைக்கும் முட்டத்துல ரோட்டோரமா நின்னு பாக்கிறதுதான்.

பார்க்குக்குள்ள எல்லாம் சமமா இருக்கு, ஆனா கேட்ல வளைச்சு வளைச்சு கம்பி வச்சிருக்காங்க, எப்படி உள்ள போறது?

பைக் வரக் கூடாதுன்னு வைக்கிறது, பைக்குக்காரன் எப்படியும் பூந்துருவான், மாட்டுறது நாமதான். ஒரு பார்க்குல (பேரு வேண்டாம்) பெரிய கேட்ட தெறக்கச் சொன்னா, சாவி சூப்பர்வைசர்கிட்ட, சூப்பர்வைசர் கோட்டாத்துல கல்யாண வீட்டுல. வாட்ச்மேன் மாமா பாவம், தன் சேர கொண்டாந்து என் பக்கத்துல போட்டு உக்காந்து சாயா வாங்கிக் குடுத்தாரு. ஒண்ணே கால் மணி நேரம் ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய இருந்து பார்க்கப் பாத்தோம். இப்போ நான் போறதுக்கு முந்தின நாளே போன் பண்ணி சாவி யாருகிட்டன்னு கேட்டுருவேன். கம்பிய மாத்தச் சொல்லி மனு எழுதினா, நேரா போற இடைவெளி ஒண்ணு 90 சென்டிமீட்டர்ல வேணும்னு அளவோட எழுதுங்க. சாதாரண வீல்சேர் 65, 70 சென்டிமீட்டர் வரும், மிச்சம் கை முட்டிக்கு.